மிளகுக்காக ஏன் அவ்வளவு தூரம் வந்தார்கள்?

ஐரோப்பியர்கள் ஏன் இந்தியாவைத் தேடிக் கப்பலேறினார்கள் என்று யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, அந்தக் காலத்தில் அங்கே இறைச்சி சீக்கிரம் கெட்டுப்போகும், அந்த வாடையை மறைக்க மிளகும் கிராம்பும் வேண்டியிருந்தது என்பது. இன்னொன்று, 1453-ல் துருக்கியர் கான்ஸ்டான்டினோபிளைப் பிடித்துப் பாதையை அடைத்துவிட்டார்கள், அதனால் வேறு வழியில்லாமல் கடலில் இறங்கினார்கள் என்பது. முதல் பதில் யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது போட்டித் தேர்வுக் கையேடுகளில் ஒரு மதிப்பெண் கேள்வியாகவே இருக்கிறது. முதலாவது தவறு. இரண்டாவது பாதிக்கு மேல் தவறு. (தேர்வில் கேட்டால் கையேட்டில் உள்ளதையே எழுதிவிட்டு வாருங்கள், மதிப்பெண் முக்கியம்.)

இரண்டையும் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு வியாபாரக் கணக்குதான். அது புரிய வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை, காய்கறிச் சந்தைக்குப் போய்வந்த பழக்கம் போதும்.

## முதலில் அந்த இறைச்சிக் கதையை முடித்துவிடலாம்

மிளகு கெட்ட இறைச்சியை நல்லதாக்காது. மேலே எவ்வளவு தூவினாலும் சாப்பிட்டவருக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும், அது 15-ம் நூற்றாண்டு ஐரோப்பியருக்கும் தெரியும். இறைச்சியைக் காப்பதற்கு அவர்களிடம் உப்பு இருந்தது, புகைபோடுவது இருந்தது, உலர்த்துவது இருந்தது. கெட்ட இறைச்சி விற்ற கசாப்புக்காரர்களைத் தண்டிக்க நகரங்களில் சட்டமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சாதாரண அறிவுக்கே எட்டுகிற ஒரு விஷயம்: உள்ளூரில் கிடைக்கிற ஆட்டிறைச்சியைப் புதிதாக வாங்க வக்கில்லாதவர், உலகத்தின் மறுகோடியிலிருந்து வருகிற கிராம்பையும் ஜாதிக்காயையும் எப்படி வாங்குவார்? விலையுயர்ந்த மசாலாவைத் தாராளமாகப் போட்டுச் சமைத்த வீடுகள் நல்ல இறைச்சி வாங்க முடிந்த வீடுகள்தான்.

அப்படியானால் எதற்குத்தான் அவ்வளவு ஆசை? ருசி ஒரு காரணம், அதில் சந்தேகமில்லை. அடுத்தது மருத்துவம். சூடு, குளிர்ச்சி என்று நம் வீடுகளில் இன்றும் உணவைப் பிரிக்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு கொள்கை பழைய கிரேக்க மருத்துவத்திலிருந்து அங்கேயும் வழிவழியாக வந்திருந்தது. மீன் குளிர்ச்சியும் ஈரமுமானது, மிளகு சூடும் வறட்சியுமானது, இரண்டும் சேர்ந்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். மசாலா விற்ற கடையும் மருந்துக்கடையும் பல ஊர்களில் ஒன்றாகவே இருந்தன. இவற்றோடு பகட்டு. பிரபு வீட்டு விருந்தில் பட்டையும் கிராம்பும் மணக்கிறது என்றால் அந்த வீட்டில் பணம் புழங்குகிறது என்று அர்த்தம்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மசாலா என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம், உண்மையில் அவை வெவ்வேறு வகைச் சரக்குகள். மிளகு மலபார்க் கரையில் விளைந்தது, 15-ம் நூற்றாண்டில் சுமத்ராவிலும் பயிரானது. ஐரோப்பாவில் அப்போதே நடுத்தர வீடுகள்வரை போய்ச் சேர்ந்திருந்த சரக்கு அது, அளவில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. நல்ல பட்டைக்கு இலங்கை. கிராம்பு டெர்னாட்டே, டிடோரே போன்ற ஐந்தாறு சின்னத் தீவுகளில் மட்டும். ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் பாண்டா தீவுகளில் மட்டும். இவை எல்லாம் இன்றைய இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் இருக்கின்றன, உலகப்படத்தில் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். ஒரு பொருள் விளைகிற இடம் எவ்வளவு சிறியதோ, அதை ஒருவரே கைக்குள் போட்டுக்கொள்வது அவ்வளவு சுலபம். கட்டுரையின் கடைசியில் இது ரத்தக்களரியாக முடியப் போகிறது.

## விலை எங்கே ஏறுகிறது

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு விவசாயி சின்ன வெங்காயத்தை மூட்டை கட்டி விற்கிறார். அது லாரியேறி கோயம்பேடு வந்து, மொத்த வியாபாரி கைமாறி, சில்லறைக்காரர் கைமாறி, உங்கள் தெருமுனைக் கடைக்கு வரும்போது விலை எங்கேயோ போய்விடுகிறது. நடுவில் யாரும் திருடவில்லை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை, கமிஷன், அழுகிப்போனதில் நஷ்டம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதற்கு மேல் அவரவர் லாபம். இப்படிக் கைமாற்றிவிடுகிறவர் எடுத்துக்கொள்ளும் பங்குதான் இடைத்தரகு.

இப்போது லாரிக்குப் பதில் பாதி உலகத்தை நடுவில் வையுங்கள். மலபாரின் உள்ளூரில் பறித்த மிளகு கோழிக்கோட்டுக்கு வரும். அங்கே மாப்பிள்ளைமார் எனப்படும் மலபார் முஸ்லிம் வியாபாரிகளும் அரபு, குஜராத்தி வியாபாரிகளும் வாங்குவார்கள். கப்பல் கிளம்பப் பருவக்காற்றுக்குக் காத்திருக்க வேண்டும்; ஆண்டில் பாதி ஒரு திசையிலும் மறுபாதி எதிர்த்திசையிலும் வீசுகிற காற்று அது. அப்படிப் புறப்பட்ட சரக்கு ஏடனுக்குப் போகும், அங்கே சுங்கம். செங்கடலில் ஜெட்டா வரை, அங்கேயும் சுங்கம். அதற்கு வடக்கே காற்றும் பவளப்பாறைகளும் பெரிய கப்பலுக்கு ஒத்துவராது, சின்னப் படகுக்கும் ஒட்டகத்துக்கும் மாற்றி ஏற்ற வேண்டும். கெய்ரோவில் சுல்தானுக்குப் பங்கு. நைல் வழியாக அலெக்ஸாண்ட்ரியா, அங்கே வெனிஸ் நகர வியாபாரி வாங்கித் தன் கப்பலில் ஏற்றுவார். வெனிஸில் ஜெர்மன் வியாபாரிகளுக்கென்றே ஒரு பெரிய விடுதி இருந்தது, அவர்கள் அங்கே வாங்கி ஆல்ப்ஸ் மலை தாண்டி நியூரம்பெர்க்குக் கொண்டுபோவார்கள். கடைசியில் ஏதோ ஒரு ஊரில் ஒரு சமையல்காரர் அதை இடித்துச் சாற்றில் போடுவார்.

அந்தச் சமையல்காரருக்கு மலபார் எங்கே இருக்கிறது என்றே தெரியாது, மலபார் விவசாயிக்கும் அவரைத் தெரியாது. நடுவில் இருக்கிறவர்களுக்கும் தங்களுக்கு முந்தைய கையும் அடுத்த கையும் மட்டும்தான் தெரியும். கோழிக்கோட்டு விலைக்கும் கடைசி விலைக்கும் இருந்த வித்தியாசம் பல மடங்கு.

வெங்காயத்தை இப்படிக் கொண்டுபோக முடியாது, வழியிலேயே அழுகிவிடும், எடைக்கு ஏற்ற விலையும் கிடைக்காது. மிளகும் கிராம்பும் உலர்ந்த சரக்கு. ஆண்டுக்கணக்கில் கெடாது, கொஞ்ச எடையிலேயே நிறையப் பணம் இருக்கிறது, எந்த ஊரிலும் விலைபோகும். அந்தக் காலத்து ஓட்டைக் கப்பல்களில், மூன்றில் ஒன்று மூழ்கினாலும் மற்ற இரண்டு சேர்ந்து நஷ்டத்தைக் கட்டிவிடும் என்று நம்பி ஏற்றக்கூடிய சரக்குகள் அதிகமில்லை.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள் இரண்டும் வலுவானவை. எகிப்தில் மம்லூக் சுல்தான்கள், ஐரோப்பாப் பக்கம் வெனிஸ். ஒரு சரக்கை ஒருவரிடம் மட்டுமே வாங்க முடியும் என்ற நிலைக்கு ஏகபோகம் என்று பெயர். 15-ம் நூற்றாண்டின் முற்பாதியில் பார்ஸ்பாய் என்ற சுல்தான் மிளகு வியாபாரத்தையே அரசு ஏகபோகமாக்கினார், இனி நான் சொல்கிற விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்றார். வெனிஸ்காரர்கள் முனகிக்கொண்டே வாங்கினார்கள், வாங்கியதை மற்ற ஐரோப்பியருக்குத் தாங்கள் சொல்கிற விலைக்கு விற்றார்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மிளகு விளைந்த இடத்தில் மலிவு, விற்ற இடத்தில் விலை, நடுவில் பத்துக் கைகள். கடைசியில் நின்று அதிக விலை கொடுத்தவர்களுக்கு ஒரு யோசனை வருவது இயல்பு, இந்தப் பத்துக் கைகளையும் தாண்டி நேரே தோட்டத்துக்குப் போய்விட்டால் என்ன?

## துருக்கியர் வழியை அடைத்தார்களா?

தேதிகளை வரிசையாக வைத்தால் இந்தக் கதை ஆட்டம் கண்டுவிடும். ஜெனோவா நகரத்து விவால்டி சகோதரர்கள் கடல்வழியாக இந்தியாவுக்குப் போகிறோம் என்று ஜிப்ரால்டரைத் தாண்டிப் போனது 1291-ல். (திரும்பி வரவேயில்லை.) போர்ச்சுகல் வட ஆப்பிரிக்காவில் செயூட்டா துறைமுகத்தைப் பிடித்தது 1415-ல். ஆப்பிரிக்கக் கரையோரம் அதன் மாலுமிகள் போஜடோர் முனையைத் தாண்டியது 1434-ல். கான்ஸ்டான்டினோபிள் விழும்போது இந்த வேலை நாற்பது ஆண்டு பழையதாகியிருந்தது.

அடுத்தது, மிளகு முக்கியமாக வந்தது எகிப்து வழியாக. எகிப்து ஒட்டோமான் துருக்கியர் கைக்குப் போனது 1517-ல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கி அப்போது 19 ஆண்டு ஆகிவிட்டது. துருக்கியருக்கும் வழியை அடைப்பதில் லாபமில்லை, சுங்கச்சாவடி வைத்திருக்கிறவர் யாராவது சாலையை மூடுவாரா? 1453-க்குப் பிறகு வெனிஸில் மிளகு விலை எகிறிவிடவும் இல்லை.

முழுக்கப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. கருங்கடல் பக்கம் இருந்த ஜெனோவாக்காரர்களின் துறைமுகங்கள் துருக்கியரிடம் போயின, கஃபா 1475-ல் போனது. கிழக்கில் இடம் இழந்த ஜெனோவாப் பணமும் மாலுமிகளும் முன்பைவிட வேகமாக மேற்கே, ஸ்பெயின் போர்ச்சுகல் பக்கம் திரும்பினார்கள். கொலம்பஸும் ஜெனோவாக்காரர்தான். துருக்கியரின் பங்கு அந்த அளவுக்கு உண்டு.

## விற்க ஒன்றுமில்லாத வாடிக்கையாளர்

இது பலரும் சொல்லாமல் தாண்டிப் போகிற பகுதி. என்னைக் கேட்டால் முழுக் கதையும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு நாடு வாங்குவது அதிகமாகவும் விற்பது குறைவாகவும் இருந்தால், மிச்சத்தைக் காசாகக் கொடுக்க வேண்டும். இதுதான் வர்த்தகப் பற்றாக்குறை. ஐரோப்பாவுக்கு ஆசியாவோடு இது ரோமானியர் காலத்து நோய். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஸ் பணத்தை நம்மிடமிருந்து உறிஞ்சுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே புலம்பினார். அதே வியாபாரத்தை இந்தப் பக்கம் நின்று பார்த்த அகநானூற்றுப் புலவர், யவனர்களின் கப்பல் முசிறிக்குப் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று பாடினார். கறி என்றால் மிளகு. தங்கம் இங்கே இறங்குகிறது, மிளகு அங்கே போகிறது. ஒருவருக்குப் புலம்பல், இன்னொருவருக்குப் பெருமை.

1,400 ஆண்டு கழித்தும் நிலைமை மாறவில்லை. ஐரோப்பியக் கம்பளித் துணியை வெயில் கொளுத்தும் மலபாரில் யார் வாங்குவார்கள்? செம்பு, பவளம், பாதரசம் போன்ற சிலவற்றுக்குக் கிராக்கி இருந்தது, மீதிக்கு வெள்ளியும் தங்கமும்தான். 15-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் வெள்ளிச் சுரங்கங்கள் பல வறண்டுபோய், நாணயம் அடிக்கவே உலோகம் இல்லாமல் சில நாணயச்சாலைகள் மூடப்பட்டன. ஆக, மசாலாவுக்கு முன்பே அவர்களுக்கு அவசரமாக வேண்டியிருந்தது தங்கம்.

தங்கம் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தது, சஹாராவைத் தாண்டி ஒட்டகத்தில் வடக்கே வந்தது. 1324-ல் மாலி நாட்டு மன்னர் மான்ஸா மூஸா ஹஜ் போகிற வழியில் கெய்ரோவில் வாரி இறைத்த தங்கத்தைப் பற்றி மத்தியதரைக்கடல் முழுக்கப் பேச்சு. 1375-ஐ ஒட்டி வரைந்த கட்டலான் உலகப்படத்தில் அவர் கையில் தங்க உருண்டையோடு உட்கார்ந்திருப்பார். போர்ச்சுகல் ஆப்பிரிக்கக் கரையில் ஒவ்வொரு முனையாக இறங்கிப் போனதற்கு முதல் காரணம் அந்தத் தங்கத்தின் ஊற்றைக் கடல்வழியாகத் தொட்டுவிடலாம் என்பதே. தொட்டார்கள். 1457-ல் ஆப்பிரிக்கத் தங்கத்தில் குருசாடோ என்ற நாணயம் அடித்தார்கள், 1482-ல் இன்றைய கானாவில் எல்மினா கோட்டையைக் கட்டினார்கள்.

வழியில் இன்னொரு ‘சரக்கும்’ கிடைத்தது. 1444-ல் லாகோஸ் என்ற போர்ச்சுகீசியத் துறைமுகத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த 200-க்கும் மேற்பட்ட மனிதர்களை இறக்கிப் பங்குபோட்டார்கள். மதீரா தீவின் கரும்புத் தோட்டங்களிலும் அடிமைகள் உழைத்தார்கள். அந்தத் தீவின் சர்க்கரையை வாங்க ஜெனோவா முதலாளிகளின் ஆளாக அங்கே போய்வந்தவர்களில் இளம் கொலம்பஸும் ஒருவர். மிளகு கண்ணில் படுவதற்கு முன்பே தங்கம், அடிமை, சர்க்கரை மூன்றும் சேர்ந்து இந்தப் பயணங்களுக்குச் செலவு கொடுத்துவிட்டன. மசாலா ஆசையால் கிளம்பினார்கள் என்று மட்டும் சொன்னால் இந்த அடிமைகள் கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள்.

சரி, கடலோடத் தெரிந்ததால்தான் ஐரோப்பியர் முந்தினார்களா? இல்லை. 1405-க்கும் 1433-க்கும் நடுவில் சீனத் தளபதி செங் ஹே பெரும் கப்பற்படையோடு கோழிக்கோட்டுக்குப் பலமுறை வந்துபோனார். பட்டும் பீங்கானும் வைத்திருந்தவர்களுக்கு வேண்டியது வீடு தேடி வந்தது, மேற்கொண்டு தேடிப் போக அவசியமில்லை என்று சீன அரசு படையைக் கலைத்தது. பத்து லட்சம் மக்களே இருந்த, கடைத்தெருவின் கடைசியில் கிடந்த போர்ச்சுகல்லுக்கு அந்த வசதி இல்லை.

ஒருமுறை நின்று பார்த்துவிடலாம்: இடைத்தரகு ஒருபுறம், உலோகப் பஞ்சம் மறுபுறம். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான் கடலில் இறங்கினார்கள்.

## கொலம்பஸின் ஒப்பந்தம்

மனதில் என்ன இருந்தது என்று தெரிய ஒப்பந்தப் பத்திரத்தைப் பார்ப்பது நல்ல வழி. 1492 ஏப்ரல் 17-ல் ஸ்பெயின் அரச தம்பதியோடு கொலம்பஸ் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் முத்து, ரத்தினம், தங்கம், வெள்ளி, மசாலா என்று வரிசையாகப் பெயர் சொல்லி, கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு என்று எழுதியிருக்கிறது. மசாலா அந்த வரிசையில் ஒன்று.

பூமி உருண்டை என்று நிரூபிக்கப் போனார் என்பதும் கட்டுக்கதை, படித்தவர்களுக்கு அது முன்பே தெரியும். தகராறு பூமியின் அளவைப் பற்றி. கொலம்பஸ் உலகைச் சின்னதாகக் கணக்குப் போட்டு, கேனரித் தீவுகளிலிருந்து மேற்கே சுமார் 2,400 கடல்மைலில் ஜப்பான் வந்துவிடும் என்றார். உண்மைத் தூரம் 10,000-க்கும் மேல். போர்ச்சுகீசிய மன்னரின் நிபுணர்கள் இந்தக் கணக்கு தவறு என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள், அவர்கள் சொன்னதுதான் சரி. நடுவில் அமெரிக்கா இருந்ததால் அவர் பிழைத்தார். கியூபாவில் மிளகையும் பட்டையையும் காட்டி இது எங்கே கிடைக்கும் என்று அங்கிருந்தவர்களிடம் கேட்டார்கள், அதோ அந்தப் பக்கம் என்று கை காட்டியதாக எழுதிவைத்திருக்கிறார்கள். மிளகு கிடைக்கவில்லை, மிளகாய் கிடைத்தது. பின்னால் அது போர்ச்சுகீசியக் கப்பலில் நம் ஊருக்கு வந்து மிளகையே ஓரங்கட்டியது தனிக் கதை.

## காற்றைப் படித்தார்கள்

போர்ச்சுகீசியரின் உண்மையான சாதனை காற்றைப் புரிந்துகொண்டது. ஆப்பிரிக்கக் கரையோரமாக ஊர்ந்தால் எதிர்க்காற்றில் மாட்டிக்கொள்வோம், அதைவிட அட்லாண்டிக் நடுக்கடலுக்கு விலகிப்போய் ஒரு பெரிய வளைவு போட்டால் நல்ல காற்று பிடிக்கலாம் என்று பல பத்தாண்டு பழக்கத்தில் கற்றார்கள். பார்த்தலோமியு டயஸ் 1488-ல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினார். 1497-ல் காமா அந்த வளைவைத் துணிந்து பெரிதாகப் போட்டார், ஏறத்தாழ மூன்று மாதம் கரையே கண்ணில் படவில்லை. கொலம்பஸின் புகழ்பெற்ற பயணத்தில் அது ஐந்து வாரம் மட்டும்.

இந்தியப் பெருங்கடலில் அவர்கள் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் வழி தெரிந்த மாலுமி ஒருவரை ஏற்றிக்கொண்டு, பருவக்காற்றின் முதுகில் நான்கு வாரத்துக்குள் கடலைத் தாண்டினார்கள். திரும்பும்போது காற்று மாறும்வரை பொறுக்கவில்லை, அதே கடலைத் தாண்ட ஏறத்தாழ மூன்று மாதம் பிடித்தது. ஈறு வீங்கி, பல் ஆடி, ஸ்கர்வி நோயில் ஆட்கள் கொத்தாகச் செத்தார்கள். லிஸ்பனிலிருந்து கிளம்பியவர்களில் பாதிக்கு மேல் ஊர் திரும்பவில்லை.

## கோழிக்கோட்டில் நடந்த அவமானம்

1498 மே 20. கோழிக்கோட்டுக்கு வெளியே நங்கூரம் போட்டு, முதலில் ஓர் ஆளைக் கரைக்கு அனுப்பினார்கள், கைதியை. செத்தாலும் நஷ்டமில்லை என்ற கணக்கு. கரையில் அவரைச் சந்தித்தவர்கள் ஸ்பானிஷ் பேசத் தெரிந்த துனிஸ் நாட்டு முஸ்லிம்கள். எந்தப் பிசாசு உன்னை இங்கே கொண்டுவந்தது என்று கேட்டார்கள். கிறிஸ்தவர்களையும் மசாலாவையும் தேடி வந்தோம் என்றார் இவர். அந்தப் பயணத்தின் நாட்குறிப்பில் இருக்கிற உரையாடல் இது.

கிறிஸ்தவர்களை ஏன் தேடினார்கள்? கிழக்கே எங்கேயோ பிரெஸ்டர் ஜான் என்ற வலிமையான கிறிஸ்தவ அரசர் இருக்கிறார், அவரோடு கைகோத்து முஸ்லிம் அரசுகளை இரண்டு பக்கமும் நெருக்கலாம் என்று ஐரோப்பாவில் நெடுநாள் நம்பிக்கை இருந்தது. மதத்தை வெறும் சாக்கு என்று நான் தள்ளிவிட மாட்டேன். எகிப்து சுல்தானின் வருமானத்தை அடித்தால் மதத்துக்கும் புண்ணியம், பெட்டிக்கும் பணம், இரண்டும் அவர்களுக்கு ஒரே காரியம்தான். நம்பிக்கை அவ்வளவு முற்றியிருந்ததால் கோழிக்கோட்டில் ஒரு கோவிலுக்குள் போய் அதைத் தேவாலயம் என்றே நினைத்துக் கும்பிட்டார்கள். சுவரில் இருந்த புனிதர்களுக்குப் பல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, நான்கைந்து கைகள் இருந்தன என்று குறித்தும் வைத்தார்கள், அப்போதும் சந்தேகம் வரவில்லை.

அப்புறம் கோழிக்கோட்டு அரசர் சாமூதிரிக்குக் கொடுக்க எடுத்துவைத்த பரிசு. கோடுபோட்ட துணி 12, சிவப்புத் தலையணி 4, தொப்பி 6, பவள மாலை 4, கைகழுவும் கிண்ணம் 6, சர்க்கரை ஒரு பெட்டி, எண்ணெயும் தேனும் இரண்டிரண்டு பீப்பாய். பார்க்க வந்த அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மக்காவிலிருந்து வருகிற ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் கொடுப்பார், ராஜாவுக்குத் தருவதென்றால் தங்கம் தாருங்கள் என்றார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கிண்ணமும் துணியும் கொடுத்துப் பழகியவர்கள், உலகத்தின் பெரிய சந்தைகளில் ஒன்றுக்கு அதே மூட்டையோடு வந்துவிட்டார்கள்.

## விற்க இல்லாதவர் பீரங்கியை எடுத்தார்

இடைத்தரகரைத் தாண்டி நேரே தோட்டத்துக்கு வந்தாயிற்று. வந்த பிறகு தெரிந்தது, இங்கே போட்டிக்கு ஏற்கெனவே நூறு வியாபாரிகள் இருக்கிறார்கள், எல்லோரிடமும் நம்மைவிட நல்ல சரக்கு இருக்கிறது. ஒழுங்காகக் கடைபோட்டு ஜெயிக்க வழியில்லை. அவர்களிடம் மேலாக இருந்தது ஒன்றுதான், கனமான பீரங்கி தாங்குகிற கப்பல்.

1500-ல் 13 கப்பல்களோடு கிளம்பி வந்த போர்ச்சுகீசியத் தளபதி கப்ரால், கோழிக்கோட்டோடு சண்டை போட்டு, சாமூதிரிக்குப் பிடிக்காத கொச்சி அரசரிடம் போய் மிளகு ஏற்றினார். 1502-ல் காமா திரும்பி வந்து, மக்காவிலிருந்து யாத்திரிகர்களோடு வந்த ஒரு கப்பலைப் பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்க எரித்தார், கோழிக்கோட்டைக் கடலில் இருந்தே சுட்டார். பிறகு 1510-ல் கோவா, 1511-ல் மலேயாவின் மலாக்கா, 1515-ல் பாரசீக வளைகுடா வாசலில் உள்ள ஹோர்முஸ் என்று கடலின் கழுத்துகளாகப் பார்த்துப் பிடித்தார்கள். மலாக்காவுக்கு எஜமானன் யாரோ அவன் கை வெனிஸின் தொண்டையில் இருக்கிறது என்று டோமே பிரெஸ் என்ற போர்ச்சுகீசியர் அப்போதே எழுதினார்.

பிடித்ததை வைத்து என்ன செய்தார்கள் என்றால், கர்த்தாஸ் விற்றார்கள். கர்த்தாஸ் என்பது கடலில் போக அனுமதிச்சீட்டு. அது இல்லாத கப்பலைப் பறிமுதல் செய்வார்கள், இருக்கிற கப்பல் தங்கள் துறைமுகத்துக்கு வந்து சுங்கம் கட்டிவிட்டுப் போக வேண்டும். அதாவது இடைத்தரகை ஒழிக்கக் கிளம்பியவர்கள் தாங்களே ஒரு சுங்கச்சாவடி ஆனார்கள். அதுவும் ஓட்டைச் சாவடி. 1513-ல் ஏடனைத் தாக்கித் தோற்றதால் செங்கடல் வாசல் கடைசிவரை கைக்கு வரவில்லை, 16-ம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பழைய வழியில் மிளகு மறுபடி வெனிஸுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கிராம்பு விளைகிற மொலுக்காத் தீவுகளுக்கு மேற்கு வழியாகவே போய்க் காட்டுகிறேன் என்று மெகல்லன் 1519-ல் ஸ்பெயினிலிருந்து 5 கப்பல்களோடு கிளம்பினார். 1522-ல் விக்டோரியா என்ற ஒரே கப்பல் 18 பேரோடு உலகத்தைச் சுற்றித் திரும்பியது, மெகல்லன் அதில் இல்லை, வழியில் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார். அந்த ஒரு கப்பல் கிராம்பை விற்ற பணம் மொத்தப் பயணத்தின் செலவையே ஏறக்குறையக் கட்டிவிட்டது. இத்தனை பேர் செத்தும் ஏன் போய்க்கொண்டே இருந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம். செத்தவர்கள் மாலுமிகள், கணக்குப் பார்த்தவர்கள் ஊரில் இருந்தார்கள்.

## நம் கரை உள்ளே வருகிற இடம்

கிராம்புத் தீவுகளில் வெள்ளிக்காசை நீட்டினால் மட்டும் வியாபாரம் நடந்துவிடாது. அங்கே மக்கள் கேட்டது அரிசி, துணி. எந்தத் துணி? சோழமண்டலக் கரையில் நெய்து சாயம்போட்ட பருத்தித் துணி. பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் தமிழ், தெலுங்கு வியாபாரிகள் அதை மலாக்காவுக்குக் கொண்டுபோய்ப் பல தலைமுறையாக விற்றுவந்தார்கள். மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியருக்கே அங்கிருந்த தமிழ் வணிகர்களின் உதவி தேவைப்பட்டது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் டச்சுக்காரர்கள். 1602-ல் அவர்கள் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, பலரிடம் பங்கு பங்காகப் பணம் திரட்டியது, தொகை சுமார் 64 லட்சம் கில்டர் (டச்சு நாணயம்). ஒருவரே முழு நஷ்டத்தையும் தாங்க வேண்டாம், பலர் சேர்ந்து பணம் போட்டு லாப நஷ்டத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்குக் கூட்டுப் பங்கு முறை என்று பெயர். கம்பெனி பழவேற்காட்டில் 1610-ல் வந்து உட்கார்ந்தது, 1613-ல் கோட்டையே இருந்தது. இங்கே துணி வாங்கி, அங்கே கிராம்பு வாங்கி, அதை ஐரோப்பாவில் விற்பதுதான் திட்டம். சோழமண்டலக் கரை மொலுக்காத் தீவுகளின் இடது கை, அந்தத் துணி இல்லாவிட்டால் அங்கே வியாபாரம் செத்துவிடும் என்று 1612-ல் ஹென்ட்ரிக் ப்ரௌவர் என்ற கம்பெனி அதிகாரி எழுதினார். பழவேற்காட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பார்க்கிற டச்சுக் கல்லறைகளுக்கும் எங்கோ ஒரு தீவின் கிராம்பு மரத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு.

## ஏகபோகத்தின் கடைசி எல்லை

ஜாதிக்காய் விளைகிற இடம் கைக்குட்டை அளவு என்று முன்பே சொன்னேன். பாண்டா மக்கள் டச்சுக்காரருக்கு மட்டுமே விற்கிறோம் என்று கையெழுத்திட்ட பிறகும், நல்ல விலை கொடுத்த ஆங்கிலேயருக்கும் ஜாவா வியாபாரிகளுக்கும் விற்றார்கள். 1621-ல் யான் பீட்டர்ஸோன் கூன் என்ற டச்சு ஆளுநர் படையோடு வந்தார். தலைவர்களைக் கொன்றார், மற்றவர்கள் பட்டினியாலும் போரிலும் செத்தார்கள், மிச்சம் பேரை அடிமையாக ஏற்றிப்போனார்கள். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் ஆயிரம் பேர் அளவுக்கே மிஞ்சினார்கள். தோட்டங்களை டச்சுக்காரருக்குப் பிரித்துக்கொடுத்து, வேலைக்கு அடிமைகளை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். பக்கத்தில் ரன் என்ற குட்டித் தீவை ஆங்கிலேயர் உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தார்கள், 1667-ல் அதை டச்சுக்காரரிடம் விட்டுக்கொடுத்து, ஏற்கெனவே பிடித்திருந்த மன்ஹாட்டனைத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு ரத்தம் சிந்திக் காத்த ஏகபோகத்தைக் கடைசியில் உடைத்தவை நாற்றுகள். 1770-ல் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரரின் ஏற்பாட்டில் கிராம்பு, ஜாதிக்காய் நாற்றுகள் திருட்டுத்தனமாக மொரீஷியஸ் போய்ச் சேர்ந்தன. 19-ம் நூற்றாண்டில் கிராம்பு ஸான்ஸிபாரிலும் ஜாதிக்காய் கிரெனடாவிலும் விளைந்தன. அதற்குள் கம்பெனிகளுக்கும் மசாலாவின் மேல் பழைய மோகம் போய்விட்டிருந்தது. துணியிலும் தேயிலையிலும் அதைவிட அதிகப் பணம் இருந்தது, ஆங்கிலேயர் 1639-ல் சென்னையில் இடம் வாங்கியதே துணிக்காகத்தான்.